எக்ஸ்ரேயில் 'இம்பிஞ்ச்மென்ட்' என்று வந்துவிட்டது. உடனே அறுவை சிகிச்சையா?

வலது தொடை இடுக்கில் எட்டு மாதமாக வலி என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 32. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. வாரத்தில் மூன்று மாலை பேட்மின்டன். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும், காரிலிருந்து இறங்கும்போதும், தாழ வரும் ஷட்டிலைக் குனிந்து எடுக்கும்போதும் சுருக்கென்று பிடிக்கிறது. வலி எங்கே என்று கேட்டால் கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து இடுப்பின் பக்கத்தைக் கவ்விக் காட்டுகிறாராம்.

முதலில் பார்த்த மருத்துவர் வலது இடுப்புக்கு மட்டும் நேராக ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நன்றாக இருக்கிறது, தசைப்பிடிப்பு" என்று மாத்திரை கொடுத்தார். வாசகி வீடியோக்களைப் பார்த்து இடுப்பை விரித்து நீட்டும் பயிற்சிகளை மூன்று மாதம் செய்தார். வலி கூடியதுதான் மிச்சம். இரண்டாவது மருத்துவர் முழு இடுப்பெலும்புக்கும் ஒரு படம், முழங்காலை மடக்கித் தவளைபோல் விரிக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார். ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது: 'இருபக்கமும் கேம் வகை இம்பிஞ்ச்மென்ட், ஆல்ஃபா கோணம் வலது 66, இடது 63, கிராஸ் ஓவர் சைன் பாசிட்டிவ், மூட்டு இடைவெளி குறையவில்லை.' அதைப் பார்த்ததும், அடுத்த மாதமே வலதுக்கு ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவை விட்டு மூட்டுக்குள் செய்யும் அறுவை), பிறகு இடதுக்கும் என்று சொல்லிவிட்டார். இடது பக்கம் வாசகிக்கு இதுவரை வலித்ததே இல்லை. சிறுவயது முதலே தன் உடம்பு மிக எளிதாக வளையும் என்றும், குழந்தைக்கு முயன்றுகொண்டிருப்பதால் இனி எக்ஸ்ரே என்றாலே பயமாக இருக்கிறது என்றும் சொல்கிறார். எந்த எக்ஸ்ரேயை நம்புவது, எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகிவிடுமா, அறுவை செய்யாவிட்டால் பத்து வருடத்தில் மூட்டு மாற்ற வேண்டி வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் என்னை அதிகம் உறுத்தியது 66 என்ற எண் அல்ல. இரண்டாவது மருத்துவர் உங்களைப் படுக்க வைத்துக் காலை மடக்கிச் சுழற்றிப் பார்த்தாரா என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. கடைசியில், "படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தேதி சொன்னார்" என்று மட்டும் இருக்கிறது. அவர் பரிசோதித்திருந்து நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால், நோயறிதலில் பாதி வேலை இன்னும் நடக்கவில்லை.

இந்த இடுப்பு இம்பிஞ்ச்மென்ட் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பின் மேல்முனையில் உருண்டையான தலை. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. தலையும் அதைத் தாங்கும் கழுத்தும் சேரும் இடம் குழிந்து இருக்க வேண்டும். அங்கே கூடுதலாக எலும்பு மேடிட்டிருந்தால், காலை மடக்கி உள்நோக்கித் திருப்பும்போது அந்த மேடு கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். இது கேம் வகை. கிண்ணத்தின் விளிம்பே அளவுக்கு மீறி மூடியிருந்தாலோ, கிண்ணம் பின்னோக்கித் திரும்பியிருந்தாலோ அது பின்சர் வகை. இரண்டும் கலந்தும் வரும். விளிம்பைச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற வளையமும் பக்கத்துக் குருத்தெலும்பும் இந்த இடியில் நாளடைவில் கிழியலாம், உரியலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் 2003இல் இதை மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு காரணமாக விளக்கி எழுதிய பிறகுதான் உலகம் முழுக்க இதைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தேட ஆரம்பித்ததும் எங்கும் தென்பட்டது. உங்களுக்கு வந்திருக்கும் குழப்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது.

மூன்றும் சேர்ந்தால்தான் நோய்

2016இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து, பல நாட்டு எலும்பு மருத்துவர்களும் ஃபிசியோதெரபிஸ்டுகளும் கதிரியக்க மருத்துவர்களும் கூடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். நோயாளி சொல்லும் தொந்தரவு, மருத்துவர் கையால் பரிசோதித்துக் காணும் அறிகுறி, படத்தில் தெரியும் எலும்பு வடிவம் ஆகிய மூன்றும் பொருந்தி வந்தால்தான் 'இம்பிஞ்ச்மென்ட் நோய்' என்று சொல்லலாம் என்பதே அது. படத்தில் மட்டும் தெரிந்தால் அது ஒரு வடிவம், நோய் ஆகாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இடுப்பில் எந்த வலியும் இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் ஏறக்குறைய 37 சதவீத இடுப்புகளில் கேம் வடிவம் இருந்தது. விளையாட்டு வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல். வளரும் பருவத்தில், எலும்பின் வளர்ச்சித்தட்டு மூடுவதற்கு முன்பு, கடுமையாக ஓடி ஆடுகிறவர்களுக்கு இந்த மேடு அதிகம் உருவாகிறது என்பது இப்போது நன்றாகவே தெரிந்த விஷயம். நீங்கள் பள்ளிக் காலத்திலிருந்து ஆடியவர் என்றால் இரண்டு பக்கமும் மேடு இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் இடது இடுப்பே இதற்குச் சாட்சி. 63 டிகிரி இருந்தும் அது ஒரு நாள்கூட உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. வலிக்காத இடுப்பில் எலும்பைச் சீவினால் பின்னாளில் தேய்மானம் வராமல் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. இடதுபக்க அறுவையை இன்றே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

வலது பக்கம் வேறு கதை. தொடை இடுக்கில் ஆழமான வலி, உட்கார்ந்து எழும்போது பிடிப்பது, குனியும்போது சுருக்கென்று வருவது, விரல்களால் இடுப்பைக் கவ்விக் காட்டுவது: இவையெல்லாம் வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறது என்பதற்கான நல்ல குறிப்புகள். ஆக மூன்றில் முதலாவது இருக்கிறது. மூன்றாவதும் ஓரளவு இருக்கிறது. நடுவில் உள்ளதுதான் விடுபட்டிருக்கிறது. மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பை 90 டிகிரிக்கு மடக்கி, முழங்காலை எதிர்ப்பக்கமாகத் தள்ளி, பாதத்தை வெளியே திருப்பித் தொடையை உள்நோக்கிச் சுழற்றும்போது உங்களுடைய அதே வலி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் இம்பிஞ்ச்மென்ட்டாக இருக்கும் வாய்ப்பு குறைவு. வந்தால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் வேறு பல மூட்டுக் கோளாறுகளிலும் இது வலிக்கும். அப்புறம், உள்சுழற்சி எத்தனை டிகிரி போகிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை. செலவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

முதல் படம் ஏன் 'நார்மல்' என்றது?

முதல் மருத்துவர் பொய் சொல்லவில்லை. அவர் எடுத்த படத்தில் மேடு தெரிந்திருக்காது. கேம் மேடு பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கமும் மேல்பக்கமும் சேரும் இடத்தில் இருக்கிறது. முகத்தை நேருக்கு நேர் படமெடுத்தால் மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியாது, பக்கவாட்டில் எடுத்தால்தான் தெரியும், இதுவும் அப்படித்தான். நேர் படத்தில் இடுப்பு அச்சில் வார்த்ததுபோல் அழகாகத் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் மேடு எட்டிப் பார்க்கும்.

அதனால் இந்தச் சந்தேகம் வந்தால் குறைந்தது இரண்டு கோணங்கள் வேண்டும். ஒன்று, இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் வரும்படி முழு இடுப்பெலும்பின் நேர் படம். அதற்குக் கால்களைச் சுமார் 15 டிகிரி உள்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் தொடை எலும்பின் கழுத்து முழு நீளத்துக்கும் விரிந்து தெரியும். வால் எலும்பின் நுனி, முன்பக்க இடுப்பெலும்புகள் சேரும் கோட்டுக்கு நேர் மேலே, 1 முதல் 3 சென்டிமீட்டர் தள்ளி விழ வேண்டும். கீழே தெரியும் இரண்டு எலும்பு ஓட்டைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நீங்களே உங்கள் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், டெக்னீஷியன் யாரும் தேவையில்லை. இரண்டாவது, பக்கவாட்டுப் படம். உங்களுக்கு எடுத்தது தவளை நிலைப் படம், பயனுள்ளதுதான். ஆனால் இடுப்பை 45 டிகிரி மடக்கி, 20 டிகிரி அகற்றி எடுக்கும் டன் கோணப் படம் இந்த மேட்டைக் காட்டுவதில் இன்னும் கெட்டி என்பதால் பலரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது அந்த 'கிராஸ் ஓவர்' விஷயம். கிண்ணத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நேர் படத்தில் இரண்டு கோடுகளாகத் தெரியும். இயல்பாக அவை மேலே ஒரு புள்ளியில் சேரும். முன்கோடு பின்கோட்டைக் கீழேயே வெட்டிக் கடந்தால், கிண்ணம் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். ஆனால் படமெடுக்கும்போது இடுப்பு முன்பக்கம் சாய்ந்திருந்தால் ஒழுங்கான கிண்ணத்திலும் இந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும். கிண்ணத்துக்கு மேலே இருக்கும் ஒரு எலும்புத் துருத்தல் குறுக்கே விழுந்தும் அப்படிக் காட்டும். வால் எலும்பு நுனியின் தூரத்தை மேலே சொன்னது இதற்காகத்தான். அந்தத் தூரம் 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் உங்கள் ரிப்போர்ட்டின் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

66 என்ற எண்

தொடை எலும்பின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் வரைகிறார்கள். வட்டத்தின் மையத்திலிருந்து கழுத்தின் நடுவாக ஒரு கோடு. அதே மையத்திலிருந்து, எலும்பு வட்டத்தை விட்டு வெளியேறும் புள்ளிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ளது ஆல்ஃபா கோணம். மேடு பெரிதாக இருந்தால் எலும்பு சீக்கிரமே வட்டத்தைத் தாண்டும், கோணம் கூடும். 2002இல் பெர்னில் இதை முதலில் எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்தார்கள். வலியுள்ளவர்களுக்குச் சராசரி 74, வலியில்லாத ஒப்பீட்டுக் குழுவுக்கு 42. இடையில் எங்கே கோடு போடுவது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. சிலர் 50, சிலர் 55, பலர் 60 என்கிறார்கள். அளப்பவர் மாறினால் அதே படத்தில் சில டிகிரி மாறும். எடுத்த கோணம் மாறினால் இன்னும் மாறும். உங்கள் ரிப்போர்ட்டில் 66ஐ எந்தப் படத்தில் அளந்தார்கள் என்றே இல்லை.

ஆனாலும் உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். எந்தக் கோட்டை வைத்துப் பார்த்தாலும் 66 என்பது அதற்கு மேல்தான். உங்கள் வலது இடுப்பில் கேம் மேடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மேலே யோசிக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது சர்க்கரை அளவு மாதிரி மாதாமாதம் ஏறுகிற எண் அல்ல. வளர்ச்சி நின்ற பிறகு அந்த மேடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆறு மாதம் பொறுத்தால் 80 ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் இல்லாத எண்

நான் உங்களிடம் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இதுதான். கிண்ணம் தலையை எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளக்கும் இன்னொரு கோணம் உண்டு. சென்டர் எட்ஜ் கோணம் என்பார்கள். தலையின் மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு இன்னொரு கோடு. 25 முதல் 40 வரை இயல்பு. 40க்கு மேல் போனால் பின்சர் பக்கம் சந்தேகம். 20க்குக் கீழே என்றால் கிண்ணம் ஆழமில்லை, டிஸ்பிளேசியா. 20க்கும் 25க்கும் நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான் நிலை. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த அளவே காணோம்.

நீங்கள் ஒரு பெண். சிறுவயது முதல் உடம்பு அதிகம் வளைகிறது. நீட்டல் பயிற்சி செய்ததும் வலி கூடியிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 'இடிக்கிற இடுப்பு' என்று சொல்லப்பட்ட உங்கள் இடுப்பு ஒருவேளை கிண்ணத்தில் உறுதியாக நிற்காமல் 'ஆடுகிற இடுப்பாக' இருக்குமோ என்று நான் கட்டாயம் கேட்பேன். ஆழமில்லாத கிண்ணமும் கேம் மேடும் ஒரே இடுப்பில் சேர்ந்து இருப்பது அரிதல்ல. கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும்போது ஆர்த்ரோஸ்கோப்பி செய்து, போதாக்குறைக்கு விளிம்பையும் சீவி, மூட்டுறையையும் வெட்டி அப்படியே விட்டால் மூட்டு இன்னும் நிலையிழந்து போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியது கிண்ணத்தையே வெட்டித் திருப்பி வைக்கும் வேறு அறுவை. படத்தில் இரண்டு கோடு வரைந்தால் தெரிந்துவிடுகிற விஷயம் இது. அதை வரையாமல் அறுவைக்குத் தேதி சொல்வதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது.

நல்ல செய்தி, இதற்குப் பெரும்பாலும் புதிதாக எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை. முழு இடுப்பெலும்பின் நேர் படம் உங்களிடம் இருக்கிறது. அது சரியாக எடுக்கப்பட்டிருந்தால், அதை எடுத்த இடத்திலேயே கொடுத்து, இரண்டு பக்கமும் சென்டர் எட்ஜ் கோணத்தையும், கிண்ணத்தின் கூரைச் சாய்வான டோனிஸ் கோணத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லலாம். கூரைச் சாய்வு 0 முதல் 10 வரை இயல்பு. அளவு எல்லைக்கோட்டில் வந்தால், நின்றபடி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி எடுக்கும் ஃபால்ஸ் புரொஃபைல் என்ற படம் முன்பக்க மூடலைக் காட்டும். அப்போது மட்டும் அதை எடுத்தால் போதும்.

கதிர்வீச்சும் குழந்தையும்

இடுப்பெலும்பின் ஒரு எக்ஸ்ரேயில் உடம்புக்குச் சேரும் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.7 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒருவருக்கு ஆண்டுக்குச் சேர்வது உலகச் சராசரியில் 2.4. எடுத்து முடித்த படங்களை நினைத்துக் கலங்க வேண்டாம். தெரியாமல் கருவுற்றிருக்கும்போது எடுத்திருந்தால்கூட, இரண்டு மூன்று படங்களில் கருவுக்குச் சேர்வது சில மில்லிகிரேதான். 50 மில்லிகிரேக்குக் கீழே கருவுக்குத் தீங்கு கூடியதாகக் காணப்படவில்லை. இருந்தாலும் இடுப்புப் பகுதிப் படம் என்பதால், இனி எடுக்க வேண்டி வந்தால் மாதவிலக்கு தொடங்கிய முதல் பத்து நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு முயல்வதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சி.டி. ஸ்கேனில் அளவு கூடுதல். அறுவைதான் என்று உறுதியாகி, எலும்பை எங்கே எவ்வளவு சீவுவது என்று திட்டமிடும்போது மட்டும் அதை யோசிக்கலாம், இப்போது வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகிவிடுமா?

எம்.ஆர்.ஐ. வந்தால் எல்லாச் சந்தேகமும் தீரும் என்று நினைக்கிறீர்கள். இங்கே ஒரு திருத்தம். வலியே இல்லாதவர்களின் இடுப்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கில் லேப்ரம் கிழிசல் தெரிந்தது; நான் சொன்ன 2015 தொகுப்பிலேயே இது இருக்கிறது. நீங்கள் இன்று எடுத்தாலும் கிழிசல் என்று வர வாய்ப்பு அதிகம். அந்த ஒரு சொல் உங்களை அறுவை அறைப் பக்கம் இன்னும் வேகமாகத் தள்ளும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ.க்கு வேறு இடங்களில் மதிப்பு அதிகம். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும் நோயும், அதன் கழுத்தில் வரும் மயிரிழை முறிவும் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். படுத்திருக்கும்போதும் இரவிலும் வலி, காலை ஊன்றவே முடியாமை, காய்ச்சல், ஸ்டீராய்டு மருந்து எடுத்த வரலாறு, திடீரென ஓட்டத்தைக் கூட்டிய பிறகு வந்த வலி இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கடிதத்தில் சொல்லும் எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

வலி மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறதா, முதுகிலிருந்தோ தசைநாரிலிருந்தோ வருகிறதா என்பது பரிசோதனையிலும் தெளியவில்லை என்றால், மரத்துப்போகும் மருந்தை ஸ்கேன் பார்த்தபடி மூட்டுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். அடுத்த சில மணி நேரம் உங்கள் வழக்கமான வலி மறைந்தால் மூட்டுதான் காரணம். என்னைக் கேட்டால், அறுவைக்கு முன் இந்தக் கேள்விக்கு எம்.ஆர்.ஐ.யைவிட இது தெளிவான பதில் தருகிறது.

அறுவையா, பயிற்சியா?

இங்கிலாந்தில் 23 மருத்துவமனைகளில் 348 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆர்த்ரோஸ்கோப்பியும் இன்னொரு குழுவுக்குத் திட்டமிட்ட ஃபிசியோதெரபியும் கொடுத்த ஆய்வு 2018இல் வந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவும் முன்பைவிட நன்றாக இருந்தன. அறுவைக் குழு, இடுப்பு சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் நூறு புள்ளி அளவுகோலில் 6.8 புள்ளி கூடுதலாகத் தேறியிருந்தது. அந்த வேறுபாட்டை நோயாளியால் உணர முடியும். ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் அல்ல. அறுவை பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்த்தும் தீராதவருக்கு, கிண்ணம் ஆழமாகவும் குருத்தெலும்பு நன்றாகவும் இருந்தால், நல்ல கைகளில் அது நல்ல சிகிச்சை. உங்கள் மூட்டு இடைவெளி குறையவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனவர்களுக்குத்தான் இந்த அறுவை பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

ஆனால் நீங்கள் இன்னும் பயிற்சியையே செய்யவில்லை. மூன்று மாதம் செய்தது நீட்டல். எலும்பு எலும்பில் இடித்து நிற்கிற இடத்தை இழுத்து நீட்டித் திறக்க முடியாது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் இடிக்க வைக்கத்தான் செய்யும். ஏற்கனவே வளையும் உடம்புக்கு அது இன்னும் கெடுதல். இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது பின்தொடைக்கு மேலே உள்ள புட்டத் தசைகளையும் வயிறு, முதுகுத் தசைகளையும் வலுப்படுத்தி, குனிவதையும் திரும்புவதையும் இடிக்காத விதத்தில் பழக்குவது. அந்த ஆய்வில் ஃபிசியோதெரபிஸ்டை 12 முதல் 24 வாரத்துக்குள் ஆறு முதல் பத்து தடவை பார்த்தார்கள், வீட்டிலும் செய்தார்கள். நீங்களும் குறைந்தது மூன்று மாதம் அப்படிச் செய்து பார்க்கலாம். இருக்கையை உயர்த்தி, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படி உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். பேட்மின்டனை அடியோடு விட வேண்டாம். எட்டிக் குனியும் ஆட்டங்களைக் கொஞ்ச நாள் தவிர்த்து, மறுநாள் வலி ஏறாத அளவுக்கு ஆடுங்கள்.

அறுவையின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். காலை இழுத்துக் கட்டி மூட்டைத் திறப்பதால் தொடையிலோ மறைவிடத்திலோ மரமரப்பு வரலாம், பெரும்பாலும் தானே சரியாகும். மேட்டைக் குறைவாகச் சீவினால் வலி தொடர்ந்து மறு அறுவை வரை போகலாம். அதிகம் சீவினால் தொடை எலும்பின் கழுத்து பலவீனமாகி முறியலாம். சில வாரம் ஊன்றுகோல், ஆட்டத்துக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம். குழந்தைக்கு முயலும்போது இந்தக் கணக்கும் முக்கியம். இந்த எக்ஸ்ரேயை வைத்து மட்டும் கர்ப்பத்தைத் தள்ளிப் போட நான் சொல்ல மாட்டேன். கருவுற்றால் மகப்பேறு மருத்துவரிடம் இடுப்பு விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள், பிரசவத்தின்போது கால்களை அதிகம் மடக்கி வைக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

பத்து வருடத்தில் மூட்டு மாற்றமா?

நெதர்லாந்தில், 45 முதல் 65 வயதுக்குள் இடுப்பு அல்லது முழங்கால் வலி தொடங்கிய சுமார் ஆயிரம் பேரை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து 2013இல் முடிவு வெளியிட்டார்கள். ஆல்ஃபா கோணம் 60ஐத் தாண்டியவர்களுக்குக் கடும் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது உண்மை. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஐந்து ஆண்டில் அது வரவில்லை. கோணம் 83ஐத் தாண்டி, உள்சுழற்சியும் 20 டிகிரிக்கு மேல் போகாதவர்களில்தான் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்தது. உங்கள் வயதும் எண்ணும் அந்தக் கூட்டத்தில் இல்லை. உள்சுழற்சி எவ்வளவு என்பதுதான் நமக்குத் தெரியாது. அதை அளக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த மாதத் தேதியைத் தள்ளி வையுங்கள். இது ஒரு மாதத்தில் கெட்டுப்போகிற விஷயம் அல்ல. கோணங்களை அளந்து வாங்குங்கள். இடுப்பு மூட்டைப் பாதுகாக்கும் அறுவைகளில் தேர்ந்த, ஆர்த்ரோஸ்கோப்பி மட்டுமல்லாமல் கிண்ணத்தைத் திருப்பும் அறுவையும் தெரிந்த ஒருவரிடம் இரண்டாம் கருத்து கேளுங்கள். அவரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: பரிசோதனையில் என் வலி அப்படியே வருகிறதா, என் கிண்ணம் போதுமான ஆழம் உள்ளதா, பயிற்சி பலிக்காவிட்டால் எந்த அறுவை, ஏன்? சென்டர் எட்ஜ் கோணம் 25க்குக் கீழே வந்தால் ஃபிசியோதெரபிஸ்டிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், அவர் கொடுக்கும் பயிற்சியே மாறும். பழைய படங்கள் பதிந்த சி.டி. வட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். ரிப்போர்ட்டைவிடப் படம் முக்கியம், புதிதாகப் பார்க்கிறவர் தானே அளந்து பார்க்க அது வேண்டும்.